தீனியில் சேர்த்த நிறமும் விற்பனையில் வேண்டும் நாணயமும்

சரக்கின் நிறத்தைக் கண்டு அதன் தரத்தை மதிப்பிடுவது உலக வழக்கு. நெசவுத் தொழிலில் உள்ள நம் அங்கத்தினர்களுக்கு இதனை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சேலையை விரித்த மாத்திரத்தில் வாங்குவோரின் கண் நிறத்தின் மீதே செல்கிறது. இழை நெருக்கமும் நூலின் நயமும் அதன் பின்னரே ஆராயப்படுகின்றன. மஞ்சளும் மிளகாயும் பயிரிடும் அன்பர்களும் சந்தையில் இதே அனுபவத்தை அடைந்திருப்பர். நிறம் நன்றாக இருந்தால் விலை ஏறுகிறது, மங்கினால் இறங்குகிறது. இவ்வாறு நிறத்துக்கென்று ஒரு விலை ஏற்பட்டுவிட்டால், அந்நிறம் எங்கிருந்து வந்தது, எவ்வாறு வந்தது, அது வாங்குவோருக்குத் தெரிவிக்கப்பட்டதா என்னும் கேள்விகளும் எழுந்தே தீரும்.

இக்கேள்விகள் மிகுந்த சூட்டுடன் விவாதிக்கப்பட்டு, நீதிமன்றம் வரையிலும் சென்ற ஒரு தொழில் உண்டு. அதுவே மேல்நாடுகளின் சால்மன் மீன் வளர்ப்புத் தொழில். சால்மன் குளிர்ந்த கடல்களுக்குரிய மீன். அதன் சதை இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்து விளங்குவது. அந்நிறத்துக்காகவே அது விருந்துகளில் விரும்பப்படுகிறது. நார்வே நாட்டின் ஹிட்ரா தீவில் 1970-ம் ஆண்டில் சகோதரர் இருவர் கடலில் கூண்டு அமைத்துச் சால்மன் குஞ்சுகளை வளர்த்து வெற்றி கண்டனர். அங்கே தொடங்கிய தொழில் இன்று நார்வேயில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 15 இலட்சம் டன் மீனைத் தருகிறது. ஸ்காட்லாந்து, சிலி, கனடா, டாஸ்மேனியா ஆகிய இடங்களிலும் அது வேரூன்றி விட்டது.

இம்மீனைப் பற்றி எழுந்த குற்றச்சாட்டு இதுதான்: "வளர்ப்புச் சால்மனின் சிவப்பு இயற்கையானதன்று, தீனியில் சாயம் கலந்து ஏற்றப்பட்ட நிறம்." வளர்ப்போரின் மறுமொழியோ, "கடல் மீன் தன் இரையிலிருந்து பெறும் அதே பொருளையே நாங்கள் தீனியில் கொடுக்கிறோம்" என்பது. இவ்விரண்டில் எது உண்மை? இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது என்பதே நம் கருத்து. தீனியின் வழியே நிறம் கொடுப்பது குற்றமன்று. கொடுத்ததைச் சொல்லாமல் விற்பதே குற்றம். இம்முடிவுக்கு நாம் வந்த காரணத்தை விளக்க, மீனின் உடலில் நிறம் எவ்வாறு ஏறுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நிறத்தின் பிறப்பிடம்

காரட்டின் செம்மஞ்சள், பப்பாளிப் பழத்தின் நிறம், தக்காளியின் சிவப்பு, செண்டுமல்லிப் பூவின் மஞ்சள் ஆகிய யாவும் கரோட்டினாய்டு என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நிறப்பொருள்களால் ஆனவை. செடி கொடிகளும், பாசிகளும், சிலவகைப் பூஞ்சைகளும் நுண்கிருமிகளும் இவற்றைத் தாமே ஆக்கிக்கொள்ள வல்லவை. மீனுக்கு அந்த ஆற்றல் இல்லை. உண்ணும் உணவில் இருந்தாலன்றி மீனுக்கு இந்நிறம் கிடையாது.

கடலில் நிகழ்வது யாதெனில், நுண்பாசிகள் இந்நிறப்பொருள்களை ஆக்குகின்றன. அவற்றை இறாலினத்தைச் சேர்ந்த சிற்றுயிர்கள் உண்டு, தம் உடலில் அவற்றை அஸ்டாக்சாந்தின் என்னும் சிவப்புப் பொருளாக மாற்றிக்கொள்கின்றன. அச்சிற்றுயிர்களைச் சால்மன் உண்கிறது. ஆகவே சால்மனின் சிவப்பு இரவல் சிவப்பே. 1938-ம் ஆண்டில் ரிச்சர்டு கூன் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானியும் அவருடைய துணைவர் ஒருவரும் சிங்கி இறாலிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர்.

இப்பொருளை நம் வீட்டுச் சமையலறையிலும் காணலாம். பச்சை இறாலும் நண்டும் கருநீலமாகவோ பழுப்பாகவோ இருக்கின்றன. கொதிநீரில் இட்டதும் சிவந்து விடுகின்றன. சிவப்பு புதிதாக உண்டானதன்று. அஸ்டாக்சாந்தினை ஒரு புரதம் இறுகப் பற்றியிருந்தமையால் அது நீலமாகத் தோன்றியது. வெப்பத்தில் அப்புரதம் குலையவே, அடங்கியிருந்த சிவப்பு வெளிப்படுகிறது.

கூண்டில் அடைபட்ட மீனுக்கு இந்தச் சிற்றுயிர்கள் போதிய அளவில் கிட்டா. அதற்கு இடப்படும் தீனி இன்று பெரும்பகுதி தாவரப் பொருள்களால் ஆனது. மீன் தூளும் மீனெண்ணெயும் குறைந்த அளவே சேர்க்கப்படுகின்றன. இத்தீனியை மட்டும் உண்டு வளரும் சால்மனின் சதை வெளிறியே இருக்கும். ஆகவே தீனியுடன் அஸ்டாக்சாந்தினைச் சேர்க்கின்றனர். அதன் பெரும்பகுதி இரசாயனச் சாலையில் ஆக்கப்படுவது. ஒருவகை ஈஸ்டிலிருந்தும், ஒருவகைப் பாசியிலிருந்தும், நுண்கிருமிகளிலிருந்தும் எடுக்கப்படுவதும் உண்டு.

நூலில் சாயம் பிடிப்பது போல

தீனியில் கலந்தவுடன் மீன் சிவந்துவிடும் என்று எண்ணுவது, சிட்டத்தைச் சாயத்தொட்டியில் அமிழ்த்தியவுடன் நிறம் நிலைத்துவிடும் என்று எண்ணுவதைப் போன்றது. சாயமிடும் தொழிலாளிக்கு அதன் பாடு தெரியும். நூலில் உள்ள பிசுக்கு நீங்க வேண்டும். சாயத்துக்கு ஏற்பக் கடுக்காயோ படிகாரமோ ஊட்ட வேண்டும். சூடும் நேரமும் அளவாக அமைய வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் நிறம் திட்டுத்திட்டாக நிற்கும். அல்லது முதல் சலவையிலேயே கழன்றுவிடும். மீனின் உடலிலும் இவ்வாறே பல படிகள் உள்ளன.

முதலாவதாக, அஸ்டாக்சாந்தின் நீரில் கரையாது, கொழுப்பிலேயே கரையும். தீனியில் தக்க அளவு எண்ணெய் இருந்து, பித்தநீரின் உதவியால் அது நுண்துளிகளாகப் பிரிந்தால்தான் குடலின் சுவர் இப்பொருளை ஏற்கும். அதன் பின்னும் இது மெதுவாகவே உறிஞ்சப்படுகிறது. பெரும்பகுதி கழிவுடன் வெளியேறி விடுகிறது. குடலைக் கடந்தது, கொழுப்பைச் சுமக்கும் புரதங்களின் மீது ஏறி இரத்தத்தின் வழியே செல்கிறது. கல்லீரல் அதில் ஒரு பங்கைச் சிதைத்து விடுகிறது. மற்றொரு பங்கு வைட்டமின் ஏ-யாக மாறுகிறது. இத்தனையும் போக எஞ்சியதே சதையைச் சென்று சேர்கிறது. அட்லாண்டிக் சால்மனுக்கு ஊட்டப்படும் அஸ்டாக்சாந்தினில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே சதையில் தங்குகிறது எனலாம். கைத்தறிச் சாயக்காரர் எவரேனும் பத்துப் பங்கு சாயத்தில் ஒன்பது பங்கை வீணாக்கினால் சங்கம் அவரைக் கேள்வி கேட்கும். ஆனால் இயற்கையின் சாயச்சாலையில் கணக்கு இதுதான்.

சதையை அடைந்த நிறப்பொருள், தசையின் நாரில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. இந்தப் பற்று இறுகிய இரசாயனப் பிணைப்பன்று, தளர்ந்த பிணைப்பே. தோலிலும் நிறம் தங்குகிறது. ஆயினும் அங்கே அது கொழுப்பமிலங்களுடன் சேர்ந்த வேறொரு வடிவில் நிறச்செல்களில் அடைபட்டிருக்கிறது. குஞ்சுப் பருவத்தில் சதை நிறத்தை ஏற்பதில்லை. மீன் ஓரளவு வளர்ந்த பின்னரே ஏற்கிறது. முட்டையிடும் பருவம் வந்ததும் சால்மன் தன் சதையிலுள்ள நிறத்தை இளக்கித் தோலுக்கும் முட்டைக்கும் அனுப்பி விடுகிறது. அப்போது சதை வெளிறுகிறது. முட்டைகள் செம்மணிகளாகத் திகழ்கின்றன.

காலநிலையும் இதில் குறுக்கிடுகிறது. டாஸ்மேனியாவின் கடல் கோடையில் வெப்பமடையும்போது, அங்குள்ள சால்மன் மீன்கள் இரை எடுப்பதைக் குறைத்துக் கொள்கின்றன; சதையின் நிறம் திட்டுத்திட்டாக வெளுத்து விடுகிறது. தீனியில் நிறம் குறையாதிருந்தும் இது நேர்கிறது. பிறப்பின் வேறுபாடும் உண்டு. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சினூக் என்னும் சால்மன் இனத்தில், செஞ்சதை மீனும் வெண்சதை மீனும் ஒரே கடலில் ஒரே இரையை உண்டு வாழ்கின்றன. வெண்சதை மீன் நோயுற்றதுமன்று, தாழ்ந்ததுமன்று. நிறப்பொருளைச் சிதைக்கும் மரபணு அதனிடம் மாறுபட்டிருக்கிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

இனத்துக்கு இனம் உள்ள வேறுபாடு இன்னும் பெரியது. தங்கமீன், ஸ்பைருலினா போன்ற நுண்பாசியில் உள்ள ஜியாக்சாந்தின் என்னும் மஞ்சள் பொருளை உண்டு, அதனைத் தன் உடலிலேயே சிவப்பான அஸ்டாக்சாந்தினாக மாற்றிக்கொள்ள வல்லது. சால்மனால் அது இயலாது. சிவப்பைச் சிவப்பாகவே கொடுத்தால்தான் அதன் சதை சிவக்கும். எந்த நூலுக்கு எந்தச் சாயம் என்று தெரியாமல் தொட்டியைக் கலக்குபவன் நஷ்டமடைவதைப் போல, எந்த மீனுக்கு எந்த நிறப்பொருள் என்று அறியாமல் தீனி வாங்குபவனும் நஷ்டமடைவான்.

சாயமா, சத்தா?

இவ்வளவையும் நோக்கினால், "மீனுக்குச் சாயம் பூசுகிறார்கள்" என்னும் பேச்சு சரியன்று என்பது விளங்கும். பூசிய சாயம் மேலே நிற்பது. இதுவோ உண்டு, செரித்து, உறிஞ்சப்பட்டு, தசையில் ஊன்றியது. மேலும், நிறம் தருவதோடு இதன் வேலை முடிவதில்லை. தீனி எடுக்கத் தொடங்கும் சால்மன் குஞ்சுகள் செவ்வனே வளர்ந்து பிழைக்க, ஒரு கிலோ தீனிக்குச் சுமார் 5 மில்லிகிராம் அஸ்டாக்சாந்தினேனும் வேண்டும் என்று நார்வேயில் நடந்த சோதனைகள் காட்டின. ஆகவே இது குஞ்சுக்குச் சத்துப்பொருளும் ஆகும். வளர்ப்புச் சால்மனின் சதையில் ஒரு கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிகிராம் வரை இது காணப்படுவது வழக்கம். கடலில் திரியும் சாக்கை என்னும் செஞ்சால்மனிலோ 25 மில்லிகிராமுக்கும் மேலாகவே இருக்கிறது. நிறப்பொருள் அதிகமாய் இருப்பது வளர்ப்பு மீனில்தான் என்று எண்ணுவோர் இக்கணக்கைக் கவனிக்க வேண்டும்.

இரசாயனச் சாலையில் ஆக்கியது என்பதற்காகவே ஒன்றை வெறுப்பதும் முறையன்று. அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலமும், 1897-ம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து விற்பனைக்கு வந்த செயற்கை நீலமும் நிறப்பொருளளவில் ஒன்றே என்பதை நெசவாளர் அறிவர்.

ஆயினும், அளவின்றிக் கொடுக்கலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. காந்தாக்சாந்தின் என்னும் மற்றொரு சிவப்புப் பொருளும் மீன் தீனியில் சேர்க்கப்பட்டு வந்தது. உடலின் தோலுக்கு வெயில்பட்டாற்போன்ற நிறம் வேண்டும் என்று அப்பொருளை மாத்திரையாகப் பெருமளவில் விழுங்கிய மேல்நாட்டார் சிலருக்குக் கண்ணின் விழித்திரையில் பொடிப்பொடியான படிகங்கள் தோன்றின. இதனைக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2003-ம் ஆண்டில், ஒரு கிலோ சால்மன் தீனிக்கு 80 மில்லிகிராமாக இருந்த அதன் உச்ச அளவை 25 மில்லிகிராமாகக் குறைத்தது. அளவை ஆராய்ந்து வரம்பு கட்டுவதும், புதிய உண்மை தெரிந்தால் வரம்பை இறுக்குவதும் சர்க்காரின் நீங்காக் கடமை.

தீனியின் வழியே வந்த நிறத்துக்கும், உணவின் மேல் ஏற்றிய நிறத்துக்கும் உள்ள வேற்றுமையை நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று நன்கு விளக்கும். 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தமிழ்நாட்டு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. அம்மிட்டாயில் ரோடமின்-பி என்னும் சாயம் இருப்பது சோதனையில் தெரியவந்ததே காரணம். அது துணிக்கும் காகிதத்துக்கும் உரிய சாயம், வயிற்றுக்கு உரியதன்று. அத்தகைய செயலைக் கலப்படம் என்று சொல்ல எவரும் தயங்க வேண்டுவதில்லை. மீன் தன் இயல்பால் ஏற்கும் பொருளை அதன் தீனியில் அளவறிந்து சேர்ப்பதை அதனோடு ஒன்றாக்கிப் பேசுதல் நியாயமாகாது.

மறைத்ததால் வந்த வினை

அப்படியாயின் வழக்கு ஏன் எழுந்தது? மறைத்தமையால் எழுந்தது. சால்மன் வளர்ப்போர் தங்கள் மீனின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க விசிறி போல விரியும் ஓர் அட்டையை வைத்திருக்கின்றனர். வெளிறிய நிறத்துக்கு 20 என்றும், ஆழ்ந்த சிவப்புக்கு 34 என்றும், இடையிலுள்ளவற்றுக்கு வரிசையாகவும் அதில் எண் இடப்பட்டிருக்கிறது. நூல் சாயத்துக்கு மாதிரி அட்டை வைப்பதைப் போன்ற ஏற்பாடே இது. வியாபாரி நிறத்தை அட்டையில் காட்டி வாங்குகிறார். ஆனால் அவரிடமிருந்து மீனை வாங்கும் குடும்பத்தாருக்கு அப்படியோர் அட்டை இருப்பதே தெரியாது. சிவந்திருப்பதால் இது கடலில் திரிந்த மீன் என்றும், புதிய மீன் என்றும் அவர்கள் நம்பிக் கூடுதல் விலை கொடுக்கின்றனர்.

அமெரிக்க நாட்டின் சட்டப்படி, தீனியின் வழியே நிறம் சேர்க்கப்பட்ட சால்மனை விற்போர் அதனை அறிவிக்க வேண்டும். பெரிய அங்காடிகள் சில அவ்வாறு அறிவிக்கவில்லை என்று 2003-ம் ஆண்டில் வழக்குகள் தொடரப்பட்டன. இத்தகைய வழக்குகளைப் பொதுமக்கள் தொடரலாம் என்று கலிபோர்னியா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2008-ம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2005-ம் ஆண்டில் நியூயார்க் நகரத்துப் பத்திரிகை ஒன்று, "கடல் சால்மன்" என்று கூறி உயர்ந்த விலைக்கு விற்கப்பட்ட மீன்களை எட்டுக் கடைகளில் வாங்கிச் சோதித்தது. அவற்றுள் ஆறு கடைகளின் மீன் வளர்ப்பு மீனே என்று தெரிந்தது.

எவ்வாறு தெரிந்தது? மீனில் இருந்த நிறப்பொருளே காட்டிக்கொடுத்தது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அஸ்டாக்சாந்தின், வலக்கையும் இடக்கையும் போல, ஒரே அமைப்பாயினும் திசை மாறிய மூன்று வடிவங்களில் உள்ளது. இரசாயனச் சாலையில் ஆக்கியதில் இம்மூன்றும் 1 : 2 : 1 என்ற விகிதத்தில் கலந்திருக்கும், கடல் இரையில் இவ்விகிதம் வேறு. சால்மன் இவற்றுள் ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொள்வதில்லை. வந்த விகிதத்திலேயே சதையில் வைத்துக்கொள்கிறது. ஆகவே தான் உண்டது கடல் இரையா, ஆலைச் சரக்கா என்பதை மீன் தன் சதையிலேயே எழுதி வைத்திருக்கிறது. விற்பவன் வாய் மறைத்தாலும் சரக்கு மறைக்காது. இதனை நம் விற்பனைச் சங்கங்கள் ஒவ்வொன்றும் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

நம் சங்கங்கள் கொள்ள வேண்டிய முடிவு

இது மேல்நாட்டாரின் வழக்கு, நமக்கென்ன என்று அங்கத்தினர் சிலர் கேட்கலாம். நமக்கும் தொடர்பு உண்டு. சென்னையை அடுத்த கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல. அவற்றின் வருவாய் முழுவதும் மீனின் நிறத்தையே சார்ந்தது. நம் கடற்கரை மாவட்டங்களில் இறால் வளர்ப்போர் இருக்கின்றனர். தீனியில் இந்நிறப்பொருள் குறைந்தால் வளர்ப்பு இறால் நீலம் பாய்ந்து விலை இழப்பதுண்டு. சத்தியமங்கலம், தாளவாடிப் பகுதிகளில் செண்டுமல்லி பயிரிடுவோரின் பூவிலிருந்து எடுக்கப்படும் லூட்டின் என்னும் மஞ்சள் பொருள் கோழித் தீனியில் சேர்ந்து முட்டையின் கருவுக்கு நிறம் தருகிறது. நிற வியாபாரத்தின் ஒரு முனையில் நம் விவசாயியும் நிற்கிறார்.

ஆதலால் நாம் மூன்று செய்திகளை வற்புறுத்துகிறோம்.

முதலாவது, தீனி வாங்கும் சங்கங்கள் பையின் மேல் "நிறம் கூட்டும்" என்று எழுதியிருப்பதைக் கண்டு பணம் கொடுத்தல் கூடாது. எந்த நிறப்பொருள், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம், எந்த இனத்துக்கு ஏற்றது என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். செண்டுமல்லியின் மஞ்சள் சால்மனைச் சிவக்கச் செய்யாது. கோழிக்கு ஏற்றது எல்லா மீனுக்கும் ஏற்றதாகாது. இந்நிறப்பொருள்கள் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் காற்றிலும் கெடுவன. ஆகவே வெயிலில் கிடந்த தீனிப் பையில் அச்சிட்ட அளவு இருக்கும் என்று நம்புவதும் தவறு.

இரண்டாவது, தீனியால் நிறம் பெற்றது என்பதை விற்பனையின் போது ஒளிக்காமல் எழுதுக. "எழுதினால் வாங்குவோர் அஞ்சி ஓடுவர், எழுதாத வியாபாரி பிழைப்பார், நாம் நசிந்துபோவோம்" என்று சிலர் கூறுவர். இந்த அச்சம் பொருளற்றது என்று நாம் தள்ளிவிடவில்லை. சிறிய சங்கத்துக்கு ஒரு பருவ நஷ்டமும் பெரிய அடியே. ஆயினும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்பட்டபோது நாம் கேட்டது என்ன? துணியின் மேல் உண்மை எழுதப்பட வேண்டும் என்பதன்றோ? மத்திய அரசு 2006-ம் ஆண்டில் கைத்தறி முத்திரையைக் கொண்டுவந்ததன் நோக்கம் அதுவே. நம் நெசவாளருக்கு வேண்டும்போது உண்மையைக் கோரிவிட்டு, நம் மீன் வளர்ப்போர் சொல்ல வேண்டியபோது வாய் மூடியிருத்தல் நியாயமன்று. இதனைத் தனித்தனிச் சங்கமாகச் செய்தால் பாரம் மிகும். எல்லாச் சங்கங்களும் கூடி ஒரே வாசகமாக எழுதினால், சொன்னவருக்கு மட்டும் நஷ்டம் என்ற நிலை நீங்கும். கூட்டுறவு என்பதன் பயன் இதுவே.

மூன்றாவது, வாங்கும் அங்கத்தினர்களும் நிறத்தை மட்டும் பார்த்து விலை சொல்வதை விட வேண்டும். வாங்குவோரின் கண் சிவப்பையே கேட்குமானால், வளர்ப்போரின் பணமும் சிவப்புக்கே செல்லும்; தண்ணீரின் தூய்மைக்கும், மீனின் நலத்துக்கும், தொழிலாளியின் கூலிக்கும் செல்ல வேண்டியது அந்த அளவுக்குக் குறையும். வெண்சதைச் சினூக் மீன் செஞ்சதை மீனைவிடத் தாழ்ந்ததன்று என்பதைக் கண்டோம். மங்கிய நிறமுள்ள நல்ல துணியையும், பளபளக்கும் மட்டத் துணியையும் பிரித்தறியத் தெரிந்த நம் நெசவாளர், சந்தையில் மற்றச் சரக்கின் முன்னே நிற்கும்போதும் அந்த அறிவைக் கைவிடலாகாது.

கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்குத்தொகை ஒரு முதல். வாடிக்கைக்காரரின் நம்பிக்கை மற்றொரு முதல். முன்னது குறைந்தால் கடன் வாங்கி நிரப்பலாம். பின்னது குறைந்தால் கடன் கொடுப்பார் இல்லை. சலவைக்கு நிற்கும் சாயத்தைக் கெட்டிச் சாயம் என்கிறோம். சோதனைக்கு நிற்கும் சொல்லும் அப்படிப்பட்டதே. நம் சங்கங்களின் சரக்கு எதுவாயினும், அதன் மேல் எழுதப்படும் சொல் அத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.